அடக்கவிலை குறைந்தால் லாபமா?

கிரிப்டோ காயினை மாதாமாதம் ஒரே தொகைக்கு வாங்கினால் அடக்கவிலை குறையும் என்கிறார்கள். இதைப் பூச்சந்தைக் கணக்கில் பார்க்கலாம். தோவாளை பூச்சந்தையில் பிச்சிப்பூவின் விலை நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓணமும் முகூர்த்த நாளும் வந்தால் எகிறும், பிறகு சரியும். அடுத்தடுத்த மூன்று நாட்களில் கிலோ 400, 800, 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு கிலோ வாங்குபவருக்குச் சராசரி அடக்கவிலை 933 ரூபாய். தினமும் 800 ரூபாய்க்கு வாங்குபவருக்கோ இரண்டு கிலோ, ஒரு கிலோ, அரைக் கிலோ கிடைக்கும். மொத்தம் 2,400 ரூபாய்க்கு மூன்றரை கிலோ. கிலோ 686 ரூபாய்தான் விழுகிறது.

இதில் வாங்குபவரின் சாமர்த்தியம் ஏதுமில்லை. போடும் பணம் மாறாததால், விலை இறங்கிய நாளில் எடை தானாகக் கூடுகிறது. இப்படி வரும் அடக்கவிலைக்குக் கணிதத்தில் இசைச் சராசரி (harmonic mean) என்று பெயர். விலை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் இது சாதாரணச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். ஏற்ற இறக்கம் பெரிதானால் இடைவெளியும் பெரிதாகும். கிரிப்டோ காயினான பிட்காயினுக்கு அந்தக் குணம் நிறையவே உண்டு: 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலர், ஓராண்டு கழித்து 16,000-க்கும் கீழே. ஒரு பிட்காயின் 10 கோடி சட்டோஷிகளாகப் பிரிவதால், மார்த்தாண்டத்தில் மாதம் 500 ரூபாய் ஒதுக்குபவரும் இப்படி வாங்கலாம்.

ஆனால் கணிதம் உறுதி தருவது அடக்கவிலைக்கு மட்டும். விற்கும் நாளில் விலை அதற்கும் கீழே கிடந்தால் நஷ்டம்தான். விலை ஏறிக்கொண்டே போனாலோ, முதல் நாளே மொத்தமாக வாங்கியவர்தான் முன்னால் நிற்பார். ஒரே தொகைக்கு வாங்கும் இந்த முறையைப் பரிந்துரைப்பவர்கள் இந்த இரண்டையும் ஏனோ மெல்லிய குரலில் சொல்கிறார்கள்.

விலை விழுந்த பிறகு கூடுதலாக வாங்கி 'ஆவரேஜ்' செய்வது வேறு ஆட்டம். 100 ரூபாய் வீதம் பத்துக் காயின் வாங்கினீர்கள். விலை 60-க்கு வந்துவிட்டது. அடக்கவிலையை 80 ஆக்க இன்னும் பத்து வேண்டும். 70 ஆக்க 30. 65 ஆக்க 70. 62 ஆக்க 190! எத்தனை வாங்கினாலும் 60-ஐத் தொட முடியாது. முதலில் போட்ட 1,000 ரூபாயில் 400 போனது போனதுதான். சராசரி அதை மறைக்கிறது, திருப்பித் தருவதில்லை. அந்தக் காயின் பிறகு எழவே இல்லையென்றால், 190 காயினுக்குப் போட்ட 11,400 ரூபாயும் கூடவே மூழ்கும். பெயர் தெரியாத காயின்களில் இது அரிதல்ல.

வருமான வரியும் குறுக்கே நிற்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ் என்னும் கூடுதல் வரி. கழித்துக்கொள்ள அனுமதி வாங்கிய விலைக்கு மட்டும்தான். ஒரு காயினின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. ஆகவே இரண்டு காயின்களில் சம அளவு லாபமும் நஷ்டமும் பார்த்து, கையில் ஒன்றும் மிஞ்சாதவரும் லாபம் தந்த காயினுக்கு வரி கட்ட வேண்டும்.