அட்டை வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு முன்

கடந்த வாரம் ஓர் அப்பா, துணிக்கடைப் பை நிறைய லேமினேட் செய்த படஅட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். “எல்லாம் செய்து பார்த்துவிட்டோம் மேடம், இவனுக்கு இது ஒத்துவரவில்லை” என்றார். பையனுக்கு ஆட்டிசம். சில சொற்கள் பேசுவான். பூங்காவில் ஊஞ்சலை விட்டு இறங்கச் சொன்னாலும், முடி வெட்டும் கடையில் தன் முறை வரும்வரை உட்காரச் சொன்னாலும் அலறல், கடி, தரையில் புரளல். அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ‘முடிந்தது’ என்ற அட்டை மட்டும் ஓரம் பிய்ந்து, பல் தடம் பதிந்து கிடந்தது. மற்றவை கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருந்தன. மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இதே கதையை வெவ்வேறு குரல்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

அட்டை என்பது பிள்ளையை அடக்குவதற்கான கருவி என்று யாரோ, எங்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் என் கையில் கிடைத்தால், ஒரு நீண்ட வரிசையில் நிறுத்தி, எதற்காக நிற்கிறார் என்றும் எப்போது முடியும் என்றும் சொல்லாமல் விட்டுவிடுவேன். படஅட்டை தகவல் தருவதற்காக இருக்கிறது. இப்போது என்ன நடக்கிறது, எப்போது முடியும், அடுத்து என்ன, எனக்குப் பிடித்தது மறுபடி எப்போது வரும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எவராலும் ஓரளவு பொறுத்துக்கொள்ள முடியும். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். சொன்ன சொல் காற்றில் போய்விடும். பதற்றம் ஏறிவிட்டால் அது காதில்கூட விழாது. படம் அங்கேயே இருக்கும். அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

வீடுகளில் நடப்பது வேறு. ஊஞ்சல் ஆடும்வரை அட்டை பைக்குள் இருக்கும். பெரியவர்களுக்கு நேரமாகிவிட்டது என்றதும் ‘முடிந்தது’ முகத்துக்கு நேரே நீட்டப்படும். கைபேசியைப் பிடுங்கும்போது அதே அட்டை. தண்ணீர் விளையாட்டை நிறுத்தவும் அதே அட்டை. சில வாரங்களில் பிள்ளைக்கு ஒன்று தெளிவாகப் புரிந்துவிடுகிறது: இது வெளியே வந்தால் நல்லது ஏதோ பறிபோகப்போகிறது. பிறகு அட்டையைக் கண்டதும் கடிக்கிறான். ‘அட்டையைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று நம்மிடம் வந்து சொல்கிறார்கள். மிக நன்றாகப் புரிந்துகொண்டதால்தான் கடிக்கிறான்.

ஆகவே நல்ல செய்திக்கும் அட்டை எடுங்கள். பாட்டி வருகிறார் என்பதற்கு, இன்று இரவு தோசை என்பதற்கு, மொட்டை மாடிக்குப் போகிறோம் என்பதற்கு. ஒரு நாளில் அவன் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை பிடித்தவையாகவோ சாதாரணமானவையாகவோ இருக்கட்டும். ‘முடிந்தது’ அட்டையைச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போடும்போது, பல் துலக்கி முடித்ததும், அவனுக்குப் பிடிக்காத பயிற்சி முடிந்ததும் காட்டுங்கள். முடிவது நல்லதாகவும் இருக்கலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு குற்றம், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது. ‘முதலில் ஊசி, பிறகு பூங்கா’ என்று படம் ஒட்டுவார்கள். ஊசி போட்டதும், “வெயில் அடிக்கிறது, நாளைக்குப் போகலாம்”. பூங்காவுக்குப் போக முடியாது என்றால் பூங்காவை ஒட்டாதீர்கள். இளநீரை ஒட்டுங்கள், வாங்கிக் கொடுங்கள். “அழுதாய் அல்லவா, பூங்கா கிடையாது” என்று படத்தை உரித்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நொடியில், படங்களை வரிசையாக ஒட்டிய அட்டவணை முழுவதுமே அவனுக்குப் பொய்யாகிவிடுகிறது. அடுத்த முறை அவன் எதை நம்பி ஊசிக்குக் கை நீட்டுவான்?

காத்திருப்பதற்கு வருகிறேன். ‘சும்மா இரு’ என்று சொல்கிறோம். சும்மா இருப்பது ஞானிகளுக்கே கைகூடாத காரியம். சென்னை சிக்னல்கள் சிலவற்றில் சிவப்பு விளக்கின் பக்கத்தில் எண் இறங்கிக்கொண்டே வரும். எண் ஓடினால் வண்டியை அணைத்துவிட்டு அமைதியாக நிற்கிறோம். எண் பழுதாகியிருந்தால் ஹாரனில் கை வைத்துவிடுகிறோம். படித்து, வேலை பார்த்து, வரி கட்டும் நமக்கே அப்படி.

முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றதும் பலர் ஓடிப்போய் டைமர் வாங்குகிறார்கள். சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே போகும் கடிகாரமும் மணல் கடிகாரமும் நல்லவைதான், நேரம் உங்கள் கையில் இருக்கும்வரை. குக்கர் இறங்கும் நேரம், ஊஞ்சல் ஆடும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவர் எப்போது கூப்பிடுவார் என்பது அவருக்கே தெரியாது. பத்து நிமிடம் வைத்து, டைமர் அடித்து, கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே எண் பட்டை கொண்டுபோங்கள். ஓர் அட்டையில் 5, 4, 3, 2, 1 என்று வெல்க்ரோவில் ஒட்டிய ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியது நீங்கள். வேகமும் உங்கள் பொறுப்பு. உங்களுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர் இருந்தால் நிதானமாக எடுங்கள், இரண்டு பேர்தான் என்றால் சட்டென்று எடுங்கள். நிமிடம் எதையும் அது சொல்வதில்லை. நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறது. கடைசித் துண்டைக் கதவு திறக்கும்வரை கழற்றாதீர்கள். இவ்வளவுதான் சூட்சுமம். செலவு ஒரு பழைய காலண்டர் அட்டை.

காத்திருக்கும்போது செய்ய ஏதாவது இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சிறு பையில் அவன் விரும்பித் தொடும் இரண்டு மூன்று பொருள்கள், மெல்வதற்கு ஏதாவது, தண்ணீர். அந்தப் பை காத்திருக்கும்போது மட்டுமே வெளியே வரட்டும். வீட்டில் நாள் முழுவதும் கிடந்தால் அதற்கு மதிப்பிருக்காது.

‘காத்திரு’ அட்டையை முதன்முறையாக அரசு மருத்துவமனை வராந்தாவில் எடுத்து நீட்டாதீர்கள். வீட்டில், அவன் பசியோடும் தூக்கத்தோடும் இல்லாத நேரத்தில் தொடங்குங்கள். அவன் முறுக்கு கேட்கிறான். முறுக்கைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு அட்டையைக் கையில் கொடுங்கள். ஐந்து விநாடி. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உடனே முறுக்கைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் என்று நான் எழுதவில்லை, இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். அவன் பொறுமை இழப்பதற்கு முன்பே கிடைத்துவிட வேண்டும். அது எளிதானதும் பத்து விநாடி, இருபது, அரை நிமிடம். வேண்டியதைப் படத்தைக் கொடுத்துக் கேட்கக் கற்பிக்கும் படப் பரிமாற்ற முறையான பெக்ஸை 1985இல் உருவாக்கிய ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் காத்திருப்பதைத் தனித் திறனாகவே கற்பிக்கச் சொல்கிறார்கள். ‘வயதானால் தானாக வரும்’ பட்டியலில் அதை வைக்கவில்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் எங்களிடம் வரும் புகார்களில் முதலிடம் கைபேசிக்கு. வீடியோ பாதியில் இருக்கும்போது பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தச் செயலிக்கு முடிவே கிடையாது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். முதலில் அப்படித் தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். பிறகு மூன்று பாட்டில் மூடிகளை அவன் முன் வையுங்கள். ஒரு வீடியோ முடிந்தால் ஒரு மூடி டப்பாவுக்குள். மூன்றும் போனதும் கைபேசியும் அதே டப்பாவுக்குள், அதை அவனே வைக்கட்டும். அடுத்து என்ன என்பதற்கான படம் மூடியின் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பவனுக்கு வேறு பிரச்சினை: பாதியில் எழுந்தால் யாராவது கலைத்துவிடுவார்கள். ஒரு தட்டின் மேல் அடுக்கச் செய்து, தட்டோடு அலமாரியில் ஏற்றி, ‘பிறகு’ என்ற அட்டையை அதன் மேல் வையுங்கள். தம்பி தங்கைகளிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் கடமை.

“படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராதாமே?” இந்தக் கேள்விக்கு இனிமேல் சுருக்கமாகத்தான் பதில் சொல்வது என்று இருக்கிறேன். படம், சைகை போன்ற மாற்று வழிகளால் பேச்சு குறைகிறதா என்று முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2006இல் வெளிவந்தது. அதில் நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை; பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. புதிய மோஸ்தர் என்று சொல்பவர்களுக்கு: அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக எரிக் ஷாப்லர் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் 1972இலேயே மாநிலம் தழுவியதாகிவிட்டது. நாள் அட்டவணையைப் படமாக வைப்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

படங்கள் பற்றி ஒரு புலம்பல். இணையத்திலிருந்து இறக்கிய அட்டையில் காலை உணவு என்றால் கிண்ணத்தில் பாலும் தானியமும். பிள்ளை சாப்பிடுவதோ இட்லி. உங்கள் கைபேசியில் உங்கள் வீட்டுக் குளியலறையை, அவன் ஏறும் வேனை, அவன் போகும் கடையை எடுத்து அச்சிடுங்கள். படமும் பிடிபடாத பிள்ளைகளுக்குப் பொருளையே கொடுக்கலாம்: துண்டு என்றால் குளியல், செருப்பு என்றால் வெளியே போவது. எழுத்துத் தெரிந்தவனுக்கு எழுதிய பட்டியலே போதும். இருபது வயது இளைஞனின் கையில் கரடிக்குட்டிப் படம் போட்ட அட்டையைத் திணித்து அவமானப்படுத்தாதீர்கள்; கைபேசியின் நாள்காட்டியோ சட்டைப்பைக் குறிப்பேடோ அவனுக்குப் பொருந்தும். “எவ்வளவு நன்றாகப் பேசுகிறான், இவனுக்கு எதற்குப் பட்டியல்” என்றும் பறிக்காதீர்கள். பேசத் தெரிந்தவனுக்கும் நெருக்கடியில் சொற்கள் கைவிட்டுப் போகும்.

திடீர் மாற்றத்துக்கென ஒரு தனிக் குறி வையுங்கள். எங்கள் மையத்தில் ஆரஞ்சு நிற வட்டம். அதை முதலில் நல்ல மாற்றங்களுக்கே பயன்படுத்துங்கள்: எழுத்துப் பயிற்சிப் படத்தின் மேல் வட்டத்தை ஒட்டிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். பழகிய பிறகு மழையால் நீச்சல் ரத்தாகும் நாளில் அதே வட்டம் உதவும்.

அட்டையால் ஆகாதவையும் உண்டு. மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு ‘காத்திரு’ என்று காட்டினால், வலியைத் தாங்கு என்று சொல்வதாகத்தான் பொருள். வெளியே அழைத்துப் போங்கள். ‘எனக்கு இடைவேளை வேண்டும்’ என்ற அட்டை அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவன் நீட்டினால் மறுபேச்சு வேண்டாம். நேற்றுவரை காத்திருந்தவன் இன்று ஒரு நிமிடமும் நிற்கவில்லை என்றால் அட்டையை மாற்றுவதற்கு முன் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இவற்றைப் பாருங்கள். சொத்தைப் பல்லை ‘பிடிவாதம்’ என்று மாதக்கணக்கில் திட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்” என்று பிள்ளையோடு வரும் அம்மாவிடம் கேட்காதீர்கள். முதல் டோக்கனையோ கடைசி டோக்கனையோ கொடுங்கள். அவர்கள் மரத்தடியிலோ ஆட்டோவிலோ உட்கார்ந்திருக்கட்டும். முறை வரும்போது போனில் கூப்பிடுங்கள். “இதோ, ஐந்தே நிமிடம்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அந்த அம்மா அதற்கேற்பத் துண்டுகளைக் கழற்றிக்கொள்வார்.