இருட்டில் மறக்கும் வெள்ளி

நெல்லையின் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் எடுத்த ஆறு படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஃபிலிம் ரோலில், அன்று காலை சுலோசன முதலியார் பாலத்தில் எடுத்தவை கல்லில் செதுக்கியதுபோல் வந்திருந்தன. கேமரா சித்தப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000. வெளிச்சத்தை அளந்து சொல்லும் அதன் ஒளிமானி வேலை செய்து வெகுநாளாகிறது. ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை என்பதால் மற்றதெல்லாம் ஓடுகிறது.

பாலத்தில் ஒளிமானி எதற்கு? நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்16-இல் வைத்து, ஃபிலிமின் வேக எண்ணை நொடியின் பின்னமாக ஷட்டரில் வைத்தால் போதும். நான் போட்டது 400 ஃபிலிம். அதனால் ஷட்டரில் அதற்கு மிக நெருங்கிய 500-இல் ஒரு பங்கு நொடி. 1843-இல் திறந்த அந்தப் பாலத்தின் வளைவுகள் நிழலோடு விழுந்தன. வெயிலுக்கு நெல்லையில் என்ன பஞ்சம்?

சிக்கல் அந்தி சாய்ந்தபின் வந்தது. தாமிரபரணிக் கரையின் கல்மண்டபத்துக்குப் பத்து நொடி கொடு என்றது ஒளி அளக்கும் கைப்பேசிச் செயலி. முக்காலியில் நிறுத்திப் பத்து நொடி கொடுத்தேன். கழுவிய நெகட்டிவில் வானமும் தூரத்து விளக்கும் மட்டும் இருந்தன; தூண்கள் இருக்கவேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. சித்தப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இருட்டில் கணக்கு மாறும் என்பதுகூடத் தெரியாதா என்றார். தெரியாது.

வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கு என்பது பகலில் பிசகாத கணக்கு. அது ஏன் இருட்டில் பொய்க்கிறது என்பதற்கு விடை, ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சில் பதிந்திருக்கும் வெள்ளி புரோமைடு படிகங்களில் இருக்கிறது. ஓர் ஒளித்துகள் படிகத்தில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. அது படிகத்தின் ஒரு மூலையில் சிக்கிக்கொள்ள, அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று அங்கே போய் அதைப் பிடித்து வெள்ளி அணுவாகிறது. ஆனால் தனித்த அணு நிலையற்றது. சில நொடிகளில் எலெக்ட்ரானை விட்டுவிட்டுப் பழையபடி அயனியாகிவிடும். இரண்டு சேர்ந்தால் ஓரளவு தரிக்கும். நான்கு வாக்கில் சேர்ந்தால்தான், ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பர் அந்தப் படிகத்தை அடையாளம் காணும். கண்டுவிட்டால் அது முழுவதையும் கறுத்த வெள்ளியாக்கிவிடும். நான்கு அணு இட்ட குறிப்பு, நூறு கோடி மடங்கு வரை பெருகுகிறது!

எலெக்ட்ரான் சிக்கும் அந்த மூலைக்கும் ஒரு கதை உண்டு. ஒருமுறை வாங்கிய ஜெலட்டினில் ஃபிலிம் ஒளிக்குச் சூட்டிகையாக இருக்கும், மறுமுறை மந்தமாக இருக்கும். மாட்டின் தோலும் எலும்பும்தான் ஜெலட்டினாகின்றன. அந்த மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளின் கந்தகம்தான் சூட்டிகைக்குக் காரணம் என்று 1920-களில் கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டறிந்தார். கந்தகம் படிகத்தின்மேல் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்குகிறது. எலெக்ட்ரானைப் பிடிப்பவை அவையே. தாளிப்புக் கரண்டியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

மண்டபத்துக்குள் நடந்தது இதுதான். ஒளித்துகள்கள் அவ்வளவு மெதுவாக வந்ததால், இரண்டாவது வருவதற்குள் முதலாவதன் வேலை அழிந்துபோனது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டால் எப்போது நிறையும்? இருட்டு கூடக்கூட இழப்பும் கூடும். விளக்கு தப்பித்துத் தூண்கள் மறைந்தது அதனால்தான்.

இதற்கு ஃபிலிம் தயாரிப்பாளர்களே கணக்குக் கொடுக்கிறார்கள். நான் பயன்படுத்தும் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸுக்குப் ஒளிமானி பத்து நொடி என்றால் சுமார் இருபது கொடுக்கவேண்டும். முப்பது நொடி என்றால் ஏறக்குறைய எண்பத்தாறு.

அடுத்த வாரம் அதே மண்டபத்துக்கு இருபது நொடி கொடுத்தேன். ரோலை வீட்டிலேயே கழுவினேன். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், எங்கள் குழாய்த் தண்ணீரோ எப்போதும் வெதுவெதுப்பு, ஆகவே வாளியில் ஐஸ் கட்டி. இம்முறை தூண்கள் வந்தன. ஆறு பால்போல் படர்ந்திருந்தது. நடுவில் குறுக்கே போன ஆள் பதியவே இல்லை. படியில் படுத்திருந்து பாதியில் எழுந்துபோன நாய் மட்டும், அதன் வயிற்றின் ஊடாகக் கல் தெரியும்படி அரையாக விழுந்திருக்கிறது.