முத்திரைக்கு முன்னால் ஒரு வாக்கியம்: பிரமாணம் செய்து வைப்பது எப்படி?

எழுதியிருப்பது உண்மை என்று சத்தியம் செய்து தருகிற பிரமாணப் பத்திரத்தைத் (அஃபிடவிட்) தூக்கிக்கொண்டு போகிற பலருக்கும் முத்திரை விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. உண்மையில் முத்திரை கடைசியில் வருவது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்புக் கொடுப்பது, அதற்கு முன்னால் நீங்கள் வாய் திறந்து, பிரமாணம் செய்து வைக்க அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னிலையில், "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்று சொல்வதுதான்.

சாட்சிக் கையெழுத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. உயிலுக்குச் சாட்சி போடுகிறவர், இன்னார் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே எந்த வீடு யாருக்கு என்று அவர் படிக்க வேண்டியதே இல்லை. பிரமாணப் பத்திரத்திலோ எழுதியிருப்பது உண்மை என்று கையெழுத்திடுபவரே சத்தியம் செய்கிறார். அது பொய் என்று தெரிந்தே செய்தால் குற்றம். இந்தியாவில் நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை. பிரமாணம் செய்து வைப்பவர் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை, அவர் முன் அது முறையாக நடந்தது என்பதற்கு மட்டும்தான்.

சரி, கடவுள் பேரால் சொல்ல வேண்டுமா? சொன்னால் அது சத்தியப்பிரமாணம். கடவுளை இழுக்காமல் "உளமார உறுதி கூறுகிறேன்" என்றால் உறுதிமொழி. சட்டத்தின் முன் இரண்டும் ஒன்றுதான், இந்தியாவின் 1969 பிரமாணச் சட்டமும் இரண்டுக்கும் இடம் தருகிறது. உறுதிமொழி என்பது நாத்திகர்களுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் அதை முதலில் கேட்டு வாங்கியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், அதாவது சத்தியமே செய்யாதே என்று பைபிளில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்ட பக்திமான்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர்களுக்கு அந்தச் சலுகை கிடைத்துவிட்டது. 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான நாத்திகர் சார்லஸ் பிராட்லா உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டு, உள்ளே உட்காரவே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. எல்லோருக்குமான சட்டம் 1888இல்தான் வந்தது.

ஆகவே எது வேண்டும் என்று கேட்டுத்தான் செய்து வைக்க வேண்டும். பேரைப் பார்த்தோ நெற்றியைப் பார்த்தோ செய்து வைப்பவராக முடிவு கட்டக் கூடாது. அச்சடித்த படிவத்தில் இரண்டும் இருந்தால், சொல்லாததை அடித்துவிட வேண்டும்.

நடைமுறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடையாள அட்டையைப் பார்ப்பது, படித்துப் புரிந்ததா என்று கேட்பது, பிரமாணத்தைச் சொல்ல வைப்பது அல்லது வாசித்துவிட்டு "ஆம்" என்று வாயால் பதில் வாங்குவது (தலையாட்டினால் போதாது), அப்புறம் கண் முன்னே கையெழுத்து. செய்து வைத்தவர் இடம், தேதி, தன் பெயர், பதவி எழுதிக் கையெழுத்திடுவது அதற்குப் பிறகுதான். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அப்படிச் செய்ததைக் கீழே எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், சரியாக மொழிபெயர்ப்பேன் என்று அவருக்கும் ஒரு பிரமாணம் உண்டு.

தகராறு வருவதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். வெற்றிடம் விட்ட பத்திரத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. அடித்துத் திருத்திய இடங்களில் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். இணைக்கும் ஆவணங்கள் ஒவ்வொன்றிலும் இன்ன பத்திரத்தோடு சேர்ந்தது என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வேறு தாளைச் சொருகிவிடலாம். அந்த விவகாரத்தில் ஆதாயம் உள்ளவர் பிரமாணம் செய்து வைக்கக் கூடாது. வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து "முத்திரை மட்டும் குத்திக் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம், பிரமாணத்தைச் சொல்லச் சொல்லி, திரும்பவும் ஒரு கையெழுத்து வாங்குவதே முறை.