பதிவு எண் இருந்தால் பட்டம் ஆகிவிடாது

வேலைக்குச் சேர்பவர்களின் சான்றிதழ்களை நிறுவனங்களுக்குச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். போன வாரமும் ஒரு பி.காம். வந்தது. வழவழப்பான தாள், ஹாலோகிராம், தங்க நிற முத்திரை. வழங்கிய 'பல்கலைக்கழகம்' மட்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியலில் இல்லை. அந்தப் பையன் சொன்னதும் எல்லாரும் சொல்வதுதான்: "அரசுப் பதிவு பெற்ற நிறுவனம் சார், பதிவு எண்கூட இருக்கிறது."

இருக்கட்டும். தெருவிலுள்ள குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும்தான் பதிவு எண் இருக்கிறது. அது பி.காம். கொடுக்குமா? அறக்கட்டளை, சங்கம், கம்பெனி என எப்படிப் பதிவு செய்தாலும், இப்படியோர் அமைப்பு இருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. ஐ.எஸ்.ஓ. என்ற நிர்வாகத் தரச் சான்றிதழையும் காட்டுவார்கள், அதற்கும் பட்டம் வழங்கும் உரிமைக்கும் சம்பந்தமே கிடையாது. 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆவது பிரிவைப் படியுங்கள். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டமியற்றி அமைத்த பல்கலைக்கழகம், மத்திய அரசு பல்கலைக்கழகத் தகுதி அளித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம். பட்டம் வழங்கும் உரிமை இவற்றுக்கு மட்டுமே. தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி மாணவருக்கும் பட்டம் தருவது அது இணைந்துள்ள பல்கலைக்கழகம்தான். (மீறுபவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. அவர்கள் ஒருவரிடம் கறக்கும் பணத்தில் அது டீச்செலவு.)

மூன்றாண்டுப் படிப்பை ஆறு மாதத்தில், பழைய தேதி போட்டு முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஏன் உட்கார்ந்து பேசுகிறீர்கள்? எழுந்து வாருங்கள். பணம் கட்டுமுன் யு.ஜி.சி. இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தொலைநிலைக் கல்வி என்றால் பல்கலைக்கழகம் உண்மையானது என்பது போதாது. நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போகட்டும், இடைத்தரகர் கைக்கு வேண்டாம்.

முறையாகப் படித்தவர்களுக்கும் ஒன்று. அரியரை முடித்ததும் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். தற்காலிகச் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் அலையாதீர்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அழுத்த முத்திரையைத் தடவிப் பார்க்க வழியில்லாமல் போகிறது.

ஏமாந்துவிட்ட தம்பி தங்கைகளே, அந்தத் தாளை எந்த விண்ணப்பத்திலும் இணைக்காதீர்கள். வேலை கேட்கும் இடத்தில் பிளஸ் டூ என்றே சொல்லுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ முதலாண்டில் சேர்ந்துவிடுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.