மிஷினில் கோளாறு இல்லை, ஐயா

பெரம்பூரில் 26 வருஷமாகக் கண் பார்க்கிறேன். என் கிளினிக்கின் பின்னறையில் பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு மிஷின் இருக்கிறது. அதில் மோவாயை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஃபீல்ட் டெஸ்ட் என்போம். அது முடிந்து வெளியே வருகிறவர்களில் சிலர் சொல்லும் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "மிஷின்ல ஏதோ கோளாறு டாக்டர். ரொம்ப நேரம் லைட்டே வரல."

லைட் வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் எங்கள் சபை மூப்பர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளெழுத்துக் கண்ணாடி மாற்றத்தான் வந்தார். கடைசி வரிப் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்துவிட்டு, "பாத்தீங்களா, இந்த வயசுலயும்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். கூட வந்திருந்த மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "கோயில்ல பெஞ்சு முனையில முட்டிக்கறாரு டாக்டரம்மா. படி இறங்கும்போது தடுமாறுறாரு." உடனே இவர், "அவளுக்கு எப்பவும் என்கிட்ட ஏதாவது குறை" என்று சிரித்தார். கண் அழுத்தம் பார்த்தேன், 30. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. ஃபீல்ட் டெஸ்டில் இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை பெருமளவு போயிருந்தது. குளுக்கோமா.

இந்த நோயில் பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தெரியாது. கைதேர்ந்த தையற்காரர் கிழிசலை இழையோட்டி மறைப்பதுபோல, சுற்றி இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் நோயாளிக்கு உலகம் முழுசாகவே இருக்கும், பெஞ்சு முனை மட்டும் எங்கிருந்தோ வந்து முட்டும்.

யோவான் 9ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து பிறவிக்குருடனின் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அதன் கடைசி மூன்று வசனங்கள்தான் உறுத்துகின்றன. பரிசேயர் "நாங்களும் குருடரோ" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு மூப்பரின் குரல்தான் கேட்கிறது. இயேசுவின் பதில்: "நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது." வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கும் இதே குற்றச்சாட்டுதான். குருடாயிருப்பதை அறியாமலே ஐசுவரியவான் என்று சொல்லிக்கொண்டிருந்த சபை அது. உன் கண்களுக்குக் கலிக்கம் போடு என்கிறார். கலிக்கம் சித்த மருத்துவத்தில் கண்ணுக்கு இடும் மருந்து. மொழிபெயர்த்தவர்களுக்கு நல்ல கை.

மூப்பரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சபை வளாகத்தில் இலவசக் கண் முகாம் நடத்துவேன். பதினோரு வருஷம். சாட்சி சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்வேன். ஒருநாள், முகாமுக்குக் கூடவே வரும் எங்கள் ஆயாம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு ஊழியம் டாக்டரம்மா. எனக்கு வேலை." அன்றைக்கு அவருக்குக் கூலியும் இல்லை, ஆராதனையும் இல்லை. பதினோரு வருஷமாக அதை நான் பார்க்கவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது, 'இவங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?' என்பதுதான். மிஷினில் கோளாறு.

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் வந்தார். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கண் எரிச்சல் என்று வந்தவர், விளக்கைக் கிட்டக் கொண்டுபோனதும் அழுதுவிட்டார். அம்மா இறந்து எட்டு மாதம். அதிலிருந்து தூக்கமில்லை, பசியில்லை. "ஜெபம் பண்ணா சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு டாக்டர். ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்." ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, உபவாசம் இரு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக ஒரு வேளைச் சாப்பாடு.

பாவம் தேவனுக்கும் மனுஷனுக்கும் நடுவே பிரிவினை உண்டாக்கும் என்று ஏசாயா சொல்வது உண்மைதான். ஆனால் இருளை உணர்கிற ஒவ்வொருவரிடமும் போய் அந்த வசனத்தை நீட்டுவது, கண் எரிகிறது என்றவரிடம் எதையும் சோதிக்காமல் சொட்டு மருந்தைக் கொடுப்பது மாதிரி. "எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று கேட்டது சங்கீதக்காரன். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோதுதான், அவர் பல பத்தாண்டுகள் தேவன் அருகில் இல்லாததுபோன்ற இருளில் இருந்துகொண்டே வேலை செய்தார் என்று உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு, எது தெரியவில்லை என்றாவது தெரிகிறது. குளுக்கோமாவில் அந்தப் புகாரே வராது. அதனால் எனக்கு அந்தப் பெண்ணைவிட மூப்பரைப் பற்றித்தான், என்னைப் பற்றித்தான் பயம் அதிகம்.

இதை அவரிடம் சொன்னேன். கூடவே, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது என்றும் சொல்லி ஒருவரிடம் அனுப்பினேன். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ், கட்டணம் கிடையாது. இரண்டு மாதம் கழித்து வந்தார். தூக்கம் வருகிறது என்றார். ஜெபம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

தொழில் சம்பந்தமாக இரண்டு விஷயம். நாற்பது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது குளுக்கோமா இருப்பவர்கள், கண்ணாடி மாற்றப் போகும்போதே கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துவிடுங்கள். 'மெட்ராஸ் ஐ'க்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்னொன்று எங்கள் ஜனங்களுக்கு மட்டும்: சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து சொட்டு மருந்தை நிறுத்தியவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். நிறுத்தினாலும் எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் ஆபத்து. போன பார்வையை மீட்க எங்களிடம் வழியில்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன், மருந்தையும் போடுங்கள்.

பெத்சாயிதாவில் குருடன் ஒருவன்மேல் இயேசு கைவைத்து, ஏதாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். புரை ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டுப் பிரித்ததும், டாக்டர் மனசு நோகக் கூடாதென்று "நல்லா தெரியுது" என்று சொல்லும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் தேவகுமாரனிடமே மரியாதைக்குக்கூடப் பொய் சொல்லவில்லை. மரம்தான் தெரிந்தது, மரம் என்றான். இரண்டாம் தரம் கைவைத்தார்.

முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம், ஆயாம்மாவுக்கு அன்று இரட்டைக் கூலி. ஞாயிறன்று என் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறார். மூப்பர் தினமும் இரவில் சொட்டு மருந்து போடுகிறார், மறந்தால் மனைவி விடுவதில்லை. நற்கருணைக்குப் போகும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பி, குனிந்து படியைப் பார்த்து, நிதானமாக நடக்கிறார். போன வாரம் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இருந்தாலும் டாக்டரம்மா, அன்னிக்கு அந்த மிஷின்லயும் கொஞ்சம் கோளாறு இருந்துது."