ரோஸ்மேரி: ரோஜாவும் இல்லை, மேரியும் இல்லை

ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் பெயரைக் கேட்டதும் ரோஜாப் பூவும் மாதாவும் நினைவுக்கு வரும். மூலச் சொல்லில் இரண்டுமே கிடையாது. இலத்தீனில் 'ரோஸ்' என்றால் பனித்துளி, 'மரீனுஸ்' என்றால் கடலைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்த 'ரோஸ்மரீனுஸ்' ஆங்கிலத்துக்குப் போய், அவர்களுக்குப் பழகிய ரோஸ், மேரி என்ற சொற்களின் சாயலில் திரிந்துவிட்டது. மேரி மாதா தன் நீல மேலாடையை இந்தச் செடிமேல் போட்டாராம், வெள்ளைப் பூ நீலமாகிவிட்டதாம். பெயருக்குத் தோதான கதை.

சரி, ஏன் கடற்பனி? மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகள்தான் இதன் சொந்த ஊர். கோடையில் அங்கே மழையே அபூர்வம். ஊசி போன்ற இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், அடிப்பக்கம் வெண்மையாக மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். உள்ள ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது.

இது தெரியாமல் துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஊற்றி இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறேன். இலை நுனி பழுப்பானதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு! வேர் அழுகியிருந்தது. இப்போது மண்தொட்டி, செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி, கொஞ்சமே கொஞ்சம் தொழு உரம், ஆறு மணி நேர வெயில். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். விதை முளைக்க வாரக்கணக்கில் ஆகும், பலதும் முளைக்காது. நான்கு அங்குலக் குச்சி வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு ஈர மணலில் செருகுங்கள். கிள்ளும்போது பச்சைத் தண்டோடு நிறுத்துங்கள். இலையில்லாத கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

தமிழில் என்ன சொல்லலாம்? மணத்தைப் பார்த்து மருக்கொழுந்து என்று சொல்ல ஆசை வரும். அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, சேராது. மரு (மார்ஜோரம்), துளசி, புதினா எல்லாம் ரோஸ்மேரிக்குச் சொந்தம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். தாவரவியலாளர்களே 2017இல் இதைச் சால்வியா பேரினத்தில் சேர்த்து 'சால்வியா ரோஸ்மரீனுஸ்' என்று பெயரை மாற்றினார்கள். அப்போதும் கடற்பனியை விடவில்லை பாருங்கள்.

சொல்லுக்கு முதலில் ரகரம் வராது என்ற மரபுப்படி 'உரோசுமேரி' என்று எழுதலாம். எனக்கு வாயில் ஒட்டவில்லை. பொருளை வைத்துப் பெயர்த்தால் கடல் + பனி, 'கடற்பனி'. அழகான சொல், ஆனால் பனி என்றதும் பலருக்கு உறைபனிதான் கண்முன் வரும். அதனால் கட்டுரையில் ஒருமுறை கடற்பனி என்று விளக்கிவிட்டு ரோஸ்மேரி என்றே தொடர்வது என் வழக்கம். நீலகிரியில் பயிராகும் 'ஊட்டி 1' ரகமும் ரோஸ்மேரி என்ற பெயரில்தான் இருக்கிறது. நர்சரியில் போய்க் கடற்பனி கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்பி வருவீர்கள்.