பாலியில் குரங்கு கடித்தால் ஊசியும் பாலியிலேயே

மறுபடியும் பாலி, மறுபடியும் குரங்கு. இந்த முறை வந்தது, கல்லூரிச் சுற்றுலா போய்த் திரும்பிய ஒரு மாணவி. முன்கையில் நாலு நாள் பழைய கடி. பல் பதிந்த இடம் தெளிவாகத் தெரிகிறது.

"ஊசி போட்டியாம்மா?"

"போட்டாச்சு டாக்டர். அங்கேயே டிடி போட்டுட்டாங்க."

கூட வந்த அப்பா, பெண் எவ்வளவு பொறுப்பாக இருந்திருக்கிறாள் பாருங்கள் என்பது போலத் தலையாட்டுகிறார். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே உரையாடல்தான். ஆள் மட்டும் மாறுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இவர்கள் போகும் அந்த ஒரு நாள் பயணத் திட்டம் எனக்கு இப்போது மனப்பாடம். காலையில் தம்பாக்சிரிங்கில் தீர்த்த எம்புல் கோயில், ஊற்று நீரில் முழுக்கு. மதியம் உபுதில் குரங்குக் காடு. சாயங்காலம் தீவின் தென்முனையில், கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் இருக்கும் உலுவாத்து கோயில். சூரியன் இறங்கும் நேரத்தில் அங்கே கெச்சக் ஆட்டம்: வாத்தியம் எதுவும் இல்லை, வட்டமாக உட்கார்ந்த ஆண்களின் 'சக் சக்' குரல்தான் தாளம், நடுவில் ராமாயணக் கதை. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1930-களில் உருவானது. தீர்த்த எம்புல் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள், போகாதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் இரண்டு இடங்களில் நீண்ட வால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. பாலியில் 2008 முதல் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், இருக்கிறது. அதற்கு முன் அந்தத் தீவில் அது கிடையாது. இந்தச் சேதி மட்டும் பயணத் திட்டத் தாளில் வருவதே இல்லை.

அந்த டிடி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஆணி குத்தினால் டிடி, பைக்கில் விழுந்தால் டிடி, தகரம் கிழித்தால் டிடி. அது நல்ல பழக்கம்தான். ஆனால் அது வில்வாதத்துக்கான, அதாவது டெட்டனஸுக்கான ஊசி. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் ஒரு பாக்டீரியா காயத்துக்குள் போய் நஞ்சைச் சுரந்தால் வருவது அந்த நோய். ரேபிஸ் வேறு. அது வைரஸ், விலங்கின் எச்சிலில் வருவது. டிடி ஊசியில் ரேபிஸுக்கு எதிரான மருந்து ஒரு துளிகூட இல்லை. ஒன்று போட்டாலும் பத்து போட்டாலும் இல்லை. விலை உயர்ந்த மருத்துவமனையில் போட்டாலும் இல்லை, வெளிநாட்டில் போட்டாலும் இல்லை. எதிர்வீட்டைப் பூட்டிவிட்டு நம் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற கதைதான் இது. கடிபட்டவருக்கு டிடியும் தேவைப்படலாம், அதனால் போட்டவர் செய்தது தப்பில்லை. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ரேபிஸ் தடுப்பூசி. நம் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.வி. என்பார்கள், பேச்சு வழக்கில் நாய்க்கடி ஊசி. போட்டுக்கொண்டது எது என்று சந்தேகமா? சீட்டைப் பாருங்கள். சீட்டே வாங்கவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்வேன்.

அடுத்த பதில் இது: "ரேபிஸ் நாய்க்குத்தானே டாக்டர் வரும்?" பாலியில் நோயைப் பெரும்பாலும் பரப்புவது நாய்கள்தான், அது உண்மை. ஆனால் எந்தப் பாலூட்டிக்கும் ரேபிஸ் வரலாம், குரங்கும் பாலூட்டிதான். தெருநாய் திரியும் ஊரில்தான் அந்தக் குரங்கும் திரிகிறது. "இங்கே உள்ள குரங்குகளுக்கு நோய் கிடையாது என்று அங்கே யாரோ சொன்னார்கள்" என்பார்கள். உங்களைக் கடித்த அந்த ஒரு குரங்கைப் பிடித்து யார் சோதித்தார்கள்? நாய் அல்லது பூனை கடித்தால் 10 நாள் அதைக் கவனித்துப் பார்க்கலாம் என்ற விதி உண்டு, அதுவும் ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான். அந்த விதி குரங்குக்குப் பொருந்தாது. "ஆஞ்சநேயர் ஸார், ஒண்ணும் ஆகாது" என்ற ஒரு தாத்தாவிடம் மட்டும் நான் வாதாடவில்லை. பேரனின் கையை நீட்டச் சொல்லி ஊசியைப் போட்டுவிட்டேன்.

சரி, கடித்துவிட்டது அல்லது கீறிவிட்டது. முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும். 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். பக்கத்தில் இருக்கும் கழிவறைக் குழாய் போதும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டும் போடாதீர்கள். குரங்குக் காட்டில் கீறல் வாங்கிக்கொண்டு, அப்புறம் தீர்த்த எம்புல் போய் முழுக்குப் போட்டதால் காயம் கழுவியாகிவிட்டது என்று ஒரு பையன் சொன்னான். பலர் சேர்ந்து இறங்கும் குளத்தில் திறந்த காயத்தோடு இறங்கியதைத்தான் அவன் சிகிச்சை என்கிறான். புண்ணியம் கிடைத்திருக்கலாம்.

கழுவியதும், அன்றைக்கே, அங்கேயே ஊசி. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். தோல் கிழியாமல் லேசான கீறல் என்றால் தடுப்பூசி மட்டும் போதும். ரத்தம் வந்திருந்தால், பல் தோலைத் துளைத்திருந்தால், அல்லது எச்சில் கண்ணிலோ வாயிலோ புண்ணிலோ பட்டிருந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள். அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்துவோம். வலிக்கும். போன இடத்தில் அது கிடைக்கவில்லை என்றால் தடுப்பூசியையாவது தொடங்கிவிடுங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் வந்துவிட்டால் இம்யூனோகுளோபுலினை நாங்கள் இங்கே போட முடியும். அதற்குப் பிறகு பயனில்லை. போட்ட ஊசியின் பெயர், தேதி, தசையில் போட்டதா தோலுக்குள் போட்டதா என்ற விவரம், மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். இது இல்லாமல் வருகிறவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் துப்பறிய வேண்டியிருக்கிறது. குரங்கு என்பதால், அரிதான வேறொரு வைரஸுக்கும் மாத்திரை தேவையா என்று மருத்துவர் யோசிப்பார். எது கடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்றும் தெரியும். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொன்ன கதை. அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, நாலைந்து தவணை. இன்னொரு காரணம் அப்பா அம்மா. "அதுக்குத்தான் போக வேண்டாம்னு சொன்னேன்" என்று ஆரம்பிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: திட்டுவதை 28 நாள் தள்ளிவையுங்கள். பிள்ளை உங்களிடம் சொன்னால்தான் என்னிடம் வரும்.

கடியே வாங்காமல் வருவது இன்னும் நல்லது. பையில் தின்பண்டம் வேண்டாம், சரசரக்கும் பிளாஸ்டிக் பையே வேண்டாம். கண்ணுக்கு நேராகப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், குரங்கு அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். செல்ஃபிக்காகத் தோளில் ஏற்றிக்கொள்வது பற்றி நான் பேசவே விரும்பவில்லை. உலுவாத்துவில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியையும் போனையும் பறித்து வைத்துக்கொண்டு, தின்ன ஏதாவது கொடுத்தால்தான் திருப்பித் தரும். அதில் அவை கைதேர்ந்தவை. பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், கோயில் ஊழியர்கள் பேரம் பேசி வாங்கித் தருவார்கள். என்னிடம் வரும் கடிகளில் நிறைய, போனை இந்தப் பக்கம் இவர் இழுக்க அந்தப் பக்கம் அது இழுக்க நடந்தவை. போனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதாம். கைக்கு?

சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களே, கிளம்பும் முந்தைய நாள் இதைப் பத்து நிமிடம் பேசுங்கள். முதலுதவிப் பையில் ஒரு சோப்பு வையுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்தால், முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. அதைப் போட்டவர்களுக்கும் கடித்தால் ஊசி வேண்டும்தான், ஆனால் இரண்டே தவணை, இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு: "ஒரு மாசம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்" என்பதற்கு அர்த்தமில்லை. இந்த நோய் வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆவது சாதாரணம், ஒரு வருடம் தாண்டியும் வந்திருக்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு எங்களால் செய்ய முடிவது அநேகமாக எதுவும் இல்லை. எத்தனை நாள் தாமதமானாலும் வாருங்கள், அறிகுறி வராதவரை ஊசிக்குப் பலன் உண்டு. அரசு மருத்துவமனையில் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று தவணை போட்டுவிட்டு, செமஸ்டர் தேர்வைச் சாக்காகச் சொல்லி நிறுத்தியவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள். தேர்வு மையத்துக்குப் போகிற வழியில்கூட வரலாம், ஐந்து நிமிட வேலை.